‘சும்மா கேட்க எனக்குத் தெரியவில்லை’: காய் நகர்த்தியே வாழ்ந்த ஒரு வாசகிக்கு

பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் வந்த நீண்ட கடிதம் இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் நீக்கியும் சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு 41 வயது. திருமணமாகி 16 ஆண்டுகள் ஆகின்றன. 14 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அலுவலகத்தில் ஒரு குழுவுக்குத் தலைமை வகிக்கிறார். “நான் யாரிடமும் சண்டை போட்டதில்லை, குரலை உயர்த்தியதில்லை, ஆனால் நான் நினைத்தது நடக்காமல் போனதும் இல்லை” என்று கடிதத்தைத் தொடங்குகிறார். யாருக்கு எதில் ஆசை, யாருக்கு எதில் அச்சம், யார் தனக்கு எந்த உதவிக்காகக் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற கணக்கு அவர் மனத்தில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கணவரும் கணவரின் தம்பியும் சேர்ந்து ஒரு தொழில் தொடங்க இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று அவர் சொல்லவும் இல்லை. தம்பி எப்போதோ விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையை, கணவர் மனம் சோர்ந்திருந்த ஓர் இரவில், போகிற போக்கில் சொல்வதுபோல் அவர் காதில் போட்டார். மறுவாரம் தம்பியிடம், “உங்கள் அண்ணனுக்கு இதில் உள்ளூர விருப்பமில்லை, உங்களிடம் சொல்லத் தயங்குகிறார்” என்றார். தொழில் பேச்சு நின்றது. அத்துடன் அண்ணன் தம்பி பேச்சும் மூன்று ஆண்டுகள் நின்றுபோனது.

இரண்டு மாதங்களுக்கு முன்பு உறவினர் ஒருவரின் நோய்ப்படுக்கைக்கு அருகில் சகோதரர்கள் இருவரும் தற்செயலாகப் பேசிக்கொண்டதில் எல்லாம் வெளிப்பட்டுவிட்டது. கணவர் கோபப்படவில்லை. “இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் எதையாவது சும்மா கேட்டிருக்கிறாயா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அன்று முதல் வேறு அறையில் உறங்குகிறார். அதற்கடுத்த வாரம், மகள் தோழிகளுடன் வெளியே செல்வதற்காக அப்பாவிடம் “அம்மா சரி என்றுவிட்டார்” என்றும், அம்மாவிடம் “அப்பா சரி என்றுவிட்டார்” என்றும் சொல்லியிருக்கிறாள். பிடிபட்டபோது அழுது, இருவரையும் குற்ற உணர்வுக்கு ஆளாக்கி, மன்னிப்பும் வாங்கிக்கொண்டாள். “அந்த அழுகையின் நடுவே அவள் என் முகத்தை ஒரு முறை அளந்து பார்த்தாள். அது என் பார்வை” என்று எழுதுகிறார் வாசகி. காய் நகர்த்தும் மனப்பாங்கை அளக்கும் ஒரு சோதனையை இணையத்தில் செய்து பார்த்ததில் 121 மதிப்பெண் வந்ததாம். இது நோயா, தான் ‘சைக்கோ’வா, பிறவிக்குணம் மாறுமா, கணவரிடம் பழையதை எல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொள்ளலாமா, மகளை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் மிக நேர்த்தியாக எழுதப்பட்டிருக்கிறது. எந்த இடத்தில் நான் உங்கள்மீது இரக்கம் கொள்வேன், எந்த இடத்தில் உங்கள் நேர்மையை வியப்பேன் என்று அறிந்து எழுதியதுபோல் இருக்கிறது. “இத்தனை ஆண்டு அனுபவமுள்ள உங்களால் மட்டுமே இதைப் புரிந்துகொள்ள முடியும்” என்ற வரியைப் படித்தபோது எனக்குச் சற்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதைத் தெரிந்தே எழுதினீர்களா, பழக்கத்தால் எழுதினீர்களா என்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நாம் பேசப்போகும் விஷயம் இந்தக் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சோதனை சொல்வதும் சொல்லாததும்

நீங்கள் செய்த சோதனையின் மூலவடிவத்தை உருவாக்கியவர்கள் அமெரிக்க உளவியலாளர்களான ரிச்சர்ட் கிறிஸ்டியும் ஃப்ளோரன்ஸ் கைஸும் ஆவர். அவர்களுடைய ஆய்வுகள் 1970-இல் நூலாக வந்தன. இத்தாலிய அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியின் கருத்துகளை ஒட்டிய 20 வாக்கியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்று கேட்பார்கள். வழக்கமான மதிப்பீட்டு முறையில் 40 முதல் 160 வரை மதிப்பெண் வரும். 100 என்பது நடுப்புள்ளி. அந்த முறைப்படி 121 என்பது நடுவுக்கு மேலே இருக்கிறது, அவ்வளவுதான். அது உங்கள் மனப்பாங்கைக் காட்டுகிறதே அன்றி, நீங்கள் யாருக்கு என்ன செய்தீர்கள் என்பதைக் காட்டுவதில்லை. நம் பேச்சுவழக்கில் ‘சாணக்கியத்தனம்’ என்று சற்றுப் பாராட்டாகவும் சற்று எச்சரிக்கையாகவும் சொல்கிறோமே, ஏறத்தாழ அதைத்தான் உளவியலார் ‘மாக்கியவெல்லித்தனம்’ என்று பெயரிட்டு அளக்கிறார்கள்.

இது நோயன்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டிலும் சரி, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆம் நோய் வகைப்பாட்டிலும் சரி, இந்தப் பெயரில் ஒரு நோய் இல்லை. இது எல்லா மனிதர்களிடமும் கூடியும் குறைந்தும் காணப்படும் ஓர் இயல்பு. ‘சைக்கோ’ என்ற உங்கள் அச்சத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2002-இல் டெல்ராய் பாலஸும் கெவின் வில்லியம்ஸும் இந்த இயல்பையும், தன்னைத்தானே வியந்துகொள்ளும் தற்காதலையும், ஈவிரக்கமற்ற துணிச்சலான சைக்கோபதியையும் ஒரே குடையின்கீழ் வைத்து ‘இருண்ட மூன்று’ என்று பெயரிட்டார்கள். அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை, ஆனால் ஒன்றல்ல. பின்விளைவைப் பற்றிய கவலையின்றி அந்த நொடியில் பாய்வது சைக்கோபதியின் இயல்பு. நீங்களோ ஒரு வார்த்தையைச் சொல்லச் சரியான இரவு வரும்வரை காத்திருந்தவர். அதனால் உங்கள் செயல் சிறிதாகிவிடாது, பெயர்தான் வேறு. கடிதத்தை மட்டும் வைத்து யாருக்கும் எந்த முத்திரையும் குத்த முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் நம்பிவரும் சில விஷயங்கள்

“மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புரியும், அதுதான் என் சாபம்” என்கிறீர்கள். இந்த இயல்பு மிகுந்தவர்கள் மற்றவர்களைவிட அறிவுக்கூர்மை மிக்கவர்கள் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. மற்றவர்களின் உணர்ச்சிகளைப் படிப்பதிலும் இவர்கள் பொதுவாகத் தேர்ந்தவர்கள் அல்லர். தங்கள் உணர்ச்சியை இன்னதென்று பெயர் சொல்லி அடையாளம் காண்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். உங்களிடம் இருப்பது கூடுதல் அறிவு அன்று. மற்றவர்கள் செய்யத் தயங்குவதைச் செய்யும் மனம். இரண்டு மாதங்களுக்கு முன்புவரை உங்கள் கணவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அவர் பலமுறை கண்டுகொண்டு, கண்டுகொள்ளாததுபோல் விட்டிருப்பார். அன்புள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அதை உங்கள் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொண்டீர்கள்.

“நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை” என்பது அடுத்தது. தம்பி சொன்ன வார்த்தை உண்மைதான். ஆனால் எந்த உண்மையை, யாரிடம், எந்த மனநிலையில், எதற்காகச் சொல்வது என்று தேர்ந்தெடுத்தீர்கள். அந்தத் தேர்வில்தான் வஞ்சகம் இருந்தது. தம்பியிடம் சொன்னதோ உண்மைகூட இல்லை. கணவருக்கு உள்ளூர விருப்பமில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இதைச் சிண்டு முடிதல் என்பார்கள். மென்மையான குரலில் செய்தாலும் பெயர் அதேதான். “எல்லோரும் பேசித்தானே காரியம் சாதிக்கிறார்கள்” என்றும் வாதிடுகிறீர்கள். இணங்க வைப்பதற்கும் இயக்குவதற்கும் வேறுபாடு காண நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: ‘இன்ன நோக்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்’ என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால், நீங்கள் செய்ய இருப்பது பிறகும் பலிக்குமா? பலிக்குமென்றால் அது இணங்க வைப்பது. சொன்ன கணத்திலேயே குலைந்துவிடும் என்றால், அவருடைய முடிவை அவருக்குத் தெரியாமல் நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

“நேராகப் போகிறவர்கள் தோற்கிறார்கள், உலகம் அப்படித்தான் இருக்கிறது” என்ற வரியில் நான் நெடுநேரம் நின்றேன். இதில் பாதி உண்மை இருக்கிறது. கிறிஸ்டியும் கைஸும் ஒரு விளையாட்டு வைத்தார்கள். மூன்று பேர் நடுவே பத்து டாலர் இருக்கும். எந்த இருவரேனும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டால் போதும், மூன்றாமவருக்கு ஒன்றும் கிடையாது. சாணக்கியத்தனம் மிகுந்தவர்களே அதில் நிறையச் சம்பாதித்தார்கள். ஆனால் அது ஒருநாள் கூத்து. அந்த மூன்று பேரும் மறுநாள் ஒரே வீட்டில் விழிக்க வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறான இன்னொன்றைப் பாருங்கள். அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்ஸல்ராட், ஒரே இருவர் மீண்டும் மீண்டும் சந்தித்து, ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டிய ஆட்டத்துக்குக் கணினி நிரல்களை வரவழைத்துப் போட்டி நடத்தினார். நுணுக்கமான சூழ்ச்சிகளோடு வந்த நிரல்கள் பல. வென்றது அனடோல் ராபபோர்ட் அனுப்பிய மிக எளிய நிரல்: முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி கடைசியாக என்ன செய்தாரோ அதையே நீயும் செய். அதில் மறைக்க ஒன்றுமில்லை. எதிராளி அதை எளிதில் படித்துவிடலாம், படித்துவிட்டால் ஒத்துழைப்பதே தனக்கும் நல்லது என்று கண்டுகொள்ளலாம். அந்த ஒருநாள் விளையாட்டில் கற்ற பாடத்தை இந்த நீண்ட விளையாட்டில் பயன்படுத்துகிறீர்கள் என்பதே உங்கள் சிக்கல். குடும்பம் என்பது நாள்தோறும் நடக்கும் ஆட்டம்.

இது எங்கிருந்து வந்தது

அப்பாவின் முகத்தைப் பார்த்தே அன்றைய நாளைக் கணித்த வீடு உங்களுடையது. அம்மா தனக்கு வேண்டியதைத் தானே கேட்கத் துணியாமல், “அப்பா சாப்பிட்டு முடித்த பிறகு நீ போய்க் கேள்” என்று எட்டு வயதுப் பெண்ணைத் தூது அனுப்பினார். நேராகக் கேட்டால் அடி விழும் இடத்தில் சுற்றிக் கேட்பது பிழைக்கும் வழி; அதற்காக அந்தச் சிறுமியை நான் ஒரு சொல் குறை கூறமாட்டேன். இன்றும் அச்சுறுத்தலுக்கும் வன்முறைக்கும் நடுவே வாழ்பவர்களிடம் ‘வெளிப்படையாக இருங்கள்’ என்று நான் அறிவுரை சொல்வதில்லை. ஆனால் உங்கள் கணவர் அந்த அப்பா அல்லர் என்று நீங்களே இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள்.

பிறவிக்குணமா என்ற கேள்விக்கு: மரபுக்கும் பங்கு உண்டு. எனினும் இரட்டையர்களை ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், ‘இருண்ட மூன்று’ இயல்புகளில் மாக்கியவெல்லித்தனத்திலேதான் வளர்ந்த வீட்டின் செல்வாக்கு குறிப்பிடத்தக்கதாகத் தெரிந்தது. கற்றுக்கொண்டதை மாற்றிக் கற்க முடியும். எனக்குத் தெரிந்தவரை, இயல்பு முழுவதுமாக அழிந்துவிடுவதில்லை. கணக்குப் போடும் மனம் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கும். கணக்கு முடிந்த பிறகு கை என்ன செய்கிறது என்பதே மாறக்கூடியது.

கடிதத்தின் அடிப்படைக்கு வருகிறேன். நீங்கள் ஆசைப்பட்டவை பெரும்பாலும் நியாயமானவை. சேமிப்பைத் தொழிலில் போட வேண்டாம் என்று நினைக்க உங்களுக்கு முழு உரிமை இருந்தது. “எனக்குப் பயமாக இருக்கிறது, வேண்டாம்” என்ற ஒரே வாக்கியம் போதுமாக இருந்திருக்கும். அதைச் சொல்லியிருந்தால் கணவர் ‘இல்லை’ என்று சொல்லக்கூடிய வாய்ப்பு இருந்தது. அந்த ஒரு சொல்லை உங்களால் தாங்க முடியவில்லை. இரண்டு சகோதரர்களின் மூன்று ஆண்டுகளை அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஆகையால் பயிற்சி அங்கேதான் தொடங்க வேண்டும். நாளொன்றுக்கு ஒரு சிறிய விஷயத்தை, காரணம் சோடிக்காமல், நேரம் பார்க்காமல், முன்கூட்டிப் புகழாமல், நேரடியாகக் கேளுங்கள். மறுத்தால் “சரி” என்று சொல்லுங்கள். பிறகு அந்த மறுப்பை ஒரு வாரம் கழித்து வேறு வாசல் வழியாகத் திறக்க முயலாதீர்கள். கேட்க எளிதாக இருக்கிறது. என்னிடம் வந்தவர்களில் பலர் மூன்றாம் நாளே இதில் திணறியிருக்கிறார்கள்.

ஒப்புதல் வாக்குமூலமும் ஒரு காய்தானா?

எல்லாவற்றையும் ஒரே இரவில் கொட்டிவிடலாம் என்ற எண்ணத்தை ஒத்திவையுங்கள். பெரிய ஒப்புதல் சொல்பவருக்குப் பாரம் இறக்கும். கேட்பவர் தலையில் அது மொத்தமாக ஏறும். அழுதுகொண்டே சொல்லும்போது மன்னித்தே ஆக வேண்டிய நெருக்கடியும் கூட ஏறிவிடும். மகள் அழுததைக் கண்டு திகைத்தீர்களே, அதே காட்சிதான். அதே சமயம், ‘மெல்ல மெல்லச் சொல்கிறேன்’ என்று நீங்களே அளவு பார்த்துச் சொல்வதும் பழைய பழக்கமே. எனவே தேர்வைக் கணவரிடம் விடுங்கள். “என்ன கேட்டாலும் முழுமையாகச் சொல்கிறேன். எப்போது, எவ்வளவு என்பது உங்கள் விருப்பம். கேட்கவே வேண்டாம் என்றாலும் சரி” என்று ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் அறைக்குத் திரும்புவது, நம்புவது, நம்பாமலே இருப்பது எல்லாம் அவருடைய உரிமை. அவருடைய கைபேசிச் செய்திகளைப் பார்த்துவருவதாக எழுதியிருப்பதை இன்றே நிறுத்துங்கள். அதைச் செய்ததையும் சொல்லுங்கள். அவர் கேட்கக் காத்திருக்காமல் நீங்களாகவே சொல்ல வேண்டியவை இரண்டு: இது ஒன்று; தம்பியிடம் நீங்கள் சொன்னது உங்கள் கற்பனை என்பது மற்றொன்று. இரண்டாவதைத் தம்பியிடமும் சொல்லியாக வேண்டும், கணவர் வழியாக அல்லாமல் நேரில்.

இன்னொருவர் இருக்கிறார். கடிதத்தில் மகளுக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்த நீங்கள், பதவி உயர்வுக்கு உங்களோடு போட்டியிட்ட சக ஊழியருக்கு ஒரே வரி கொடுத்திருக்கிறீர்கள். நம்பிக்கையுடன் தன் சிகிச்சையைப் பற்றி அவர் சொன்னதை, ‘அக்கறையாக’ மேலதிகாரியிடம் சொன்னீர்கள். பதவி உங்களுக்கு வந்தது. முழுக் கடிதத்திலும் மிகக் கனமான வரி எனக்கு அதுதான். ஒருவரின் உடல்நிலை பற்றிய தகவல் அவருடைய சொத்து. இதில் அலுவலக விதிகளும் சட்டமும் குறுக்கிடக்கூடும். அவை இடத்துக்கு இடம் மாறுபவை என்பதால், முதலில் ஒரு வழக்கறிஞரைத் தனியே கலந்துகொள்ளுங்கள். அது தள்ளிப்போடுவதற்கான சாக்காக ஆகிவிட வேண்டாம். செய்வதற்கு எஞ்சியிருப்பது, மேலதிகாரியிடம் ‘அதை நான் சொல்லியிருக்கக் கூடாது, அவருடைய திறமைக்கும் அதற்கும் தொடர்பில்லை’ என்று தெளிவுபடுத்துவதும், அடுத்த வாய்ப்பில் அவருக்காக வெளிப்படையாகப் பேசுவதுமாகும். இதனால் உங்கள் பெயருக்குச் சேதம் வரலாம். வராது என்று ஆறுதல் சொல்ல என்னால் முடியாது.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த இயல்புக்கென்று மாத்திரை எதுவும் இல்லை. ஆனால் இரண்டு மாதங்களாக உறக்கமில்லை, பசியில்லை என்கிறீர்கள். அது மனச்சோர்வாகவோ பதற்றமாகவோ இருந்தால் நன்றாகக் குணப்படுத்தக்கூடியது, உடனே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். உளவியல் ஆலோசனையைப் பொறுத்தவரை, கணவருடன் சேர்ந்து செல்வதற்கு முன் சில மாதங்கள் தனியே செல்வது நல்லது என்பது என் கருத்து. இப்போதே இருவரும் சேர்ந்து போனால், நடுவில் இருப்பவரை உங்கள் பக்கம் இழுக்கும் வேலையில் நீங்கள் முனைந்துவிடுவீர்கள். முதல் சந்திப்பிலேயே ஆலோசகரிடம் சொல்லுங்கள்: “உங்களையும் நான் கையாளப் பார்ப்பேன், பார்க்கும்போது சொல்லுங்கள்.” தேர்ந்த ஆலோசகர் அதைக் கேட்டு அதிரமாட்டார்.

மகளிடம் தோற்றுப்போகலாம்

வளரிளம் பருவத்தில் பிள்ளைகள் பெற்றோருக்கு நடுவே புகுந்து காரியம் சாதிக்கப் பார்ப்பது பரவலானது. சாணக்கியத்தனம் பதின்வயதில் உச்சம் தொட்டு, பிறகு வயது ஏற ஏறத் தணிவதாகப் பெரிய அளவிலான ஆய்வும் காட்டுகிறது. ஆகவே ஒரு பொய்யை வைத்து அவளுடைய எதிர்காலத்தை எழுதிவிடாதீர்கள். ‘அது என் பார்வை’ என்று நீங்கள் கண்டது ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம், குற்ற உணர்வு காட்டிய மாயமாகவும் இருக்கலாம். அவளை உங்கள் கண்ணாடியாக ஆக்காதீர்கள். அவள் இன்னும் ஆகிக்கொண்டிருக்கும் தனி ஆள்.

உங்களுக்கு வரப்போகும் பெரிய சபலம், அவளுடைய சூழ்ச்சியை அதைவிட நல்ல சூழ்ச்சியால் முறியடிப்பது. உங்களுக்கு அது சுலபம். ஆனால் அவளுக்கு அது இன்னொரு பாடவேளை. அவள் வைக்கும் பொறி தெரிந்தால் “இது பொறி என்று எனக்குத் தெரிகிறது, உனக்கு என்ன வேண்டும் என்று நேராகக் கேள்” என்று சொல்லுங்கள். நேராகக் கேட்டால் அவளுக்கு எப்போதும் ‘சரி’ கிடைக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நேராகக் கேட்டதற்காகத் திட்டும், முகச் சுளிப்பும், பிற்பாடு சொல்லிக்காட்டுவதும் கிடைக்கவே கூடாது. நீங்களும் கணவரும் இப்போது எந்த நிலையில் இருந்தாலும், அவளுடைய அனுமதிகளை மட்டும் இருவரும் சேர்ந்து, அவள் முன்னிலையிலேயே முடிவு செய்யுங்கள். இதற்காக உறங்கும் அறை ஒன்றாக வேண்டியதில்லை. ஒரு முறையாவது, உங்களுக்கு வேண்டிய ஒன்றைக் கணவரிடம் நீங்கள் நேராகக் கேட்டு, அவர் மறுத்து, நீங்கள் “சரி” என்று எழுந்து போவதை அவள் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. இந்தப் பதிலைக் கணவரிடம் காட்டலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் காட்டுங்கள். உங்கள் அப்பாவின் வீட்டைப் பற்றிய பத்தியை மட்டும் தனியே எடுத்து அனுப்பாமல், சக ஊழியரைப் பற்றிய பத்தியும் சேர, முழுவதுமாகக் கொடுத்துவிடுங்கள்.